தள்ளாடும் கம்பெனியில் பயிற்சி

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், அக்கவுண்ட்ஸ் பிரிவில் இன்டர்ன்ஷிப். கம்பெனியே தள்ளாடுகிறது. ஓடிவிடலாமா சார்?
(பி.காம். மாணவி, பொன்னேரி)

பதில்: இரும்மா! கொழிக்கிற கம்பெனியில் வவுச்சர் ஒட்டத்தான் விடுவார்கள். இங்கே கரண்ட் பில்லா, பி.எஃபா, பேங்க் வட்டியா, எதை முதலில் கட்டுவது என்ற தினசரிப் பஞ்சாயத்தைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தராவிட்டால், தருகிற வருஷம்தான் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்கலாம். அந்தப் பாக்கிப் பட்டியலை நீயே போட்டுக் கொடு. மேனேஜருக்கு உன் பெயர் ஞாபகம் வரும். திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-ல் லான்சர் கார் செய்யத் தொடங்கிய ஆலையில் இன்று சிட்ரோயன் தயாராகிறது. ஆலைக்கு மறுபிறவி உண்டு. ஸ்டைபெண்டுக்கு இல்லை, அதை மாதாமாதம் வாங்கிவிடு. இல்லாவிட்டால் அந்தப் பட்டியலில் உன் பெயரையும் நீயே சேர்க்க வேண்டிவரும்.