பிரம்ம முகூர்த்தத்துக்கு முந்திய பாடம்

கொரோனாத் தொற்றை முன்னிட்டு 2020 மார்ச் 20 அன்று ஆஸ்திரேலியா அயல்நாட்டாருக்குத் தன் எல்லையை அடைத்துவிடவே, மெல்போர்னில் மேற்படிப்புக்கு அனுமதி பெற்றிருந்த சென்னை மாணவர்கள், கம்பளிச் சட்டையும் ஊறுகாயும் திணித்த பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, வித்தியாப்பியாசத்தை இணையத்தின் வழியே தொடங்கலானார்கள். மார்ச் மாதத்தில் அங்கே காலை 9 மணி என்றால் இங்கே 3.30 ஆகையால், பரீட்சைக் காலத்திலும் சூரியோதயத்தைக் கண்டறியாத புத்திர சிகாமணிகள், பிரம்ம முகூர்த்தத்துக்கும் முன்னதாக எழுந்து, மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே லுங்கியுமாக ஆசிரியர் முன் பிரசன்னமானார்கள். பெற்றோர் புளகாங்கிதம் அடைந்தது வாஸ்தவம். கல்விக் கட்டணம் மாத்திரம், எந்த வியாதியும் அண்டாத புண்ணிய ஜன்மமாதலால், தனிமைவாசமோ பரிசோதனையோ இன்றித் தவணை தவறாமல் சமுத்திரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. மாணவர்களுக்குக் கதவு திறந்தது 2021 டிசம்பர் 15 அன்று. அதுவும் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்டிய பிறகே.