தொட்டி சொன்ன சாட்சி

திருப்பதியில் இதுவரை உண்மை பேசிய ஒரே கட்டுமானம் ஒரு நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி.

2021 நவம்பர் வெள்ளம் வடிந்த கையோடு, எம்.ஆர். பள்ளிப் பக்கம் ஸ்ரீகிருஷ்ணா நகரில் ஓர் அம்மா தன் வீட்டு சம்ப்புக்குள் இறங்கிச் சேறு கழுவிக்கொண்டிருந்தார். சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய ஆழமான தொட்டி. அவர் உள்ளே நிற்கும்போதே அது தரையைப் பிளந்துகொண்டு கிளம்பி, ஆளுயரத்துக்கும் மேலே வந்து நின்றது. அம்மா எப்படியோ வெளியே வந்து பிழைத்தார். ஊர் திரண்டு வந்து செல்போனில் படம் பிடித்தது. யாராவது கற்பூரம் ஏற்றியிருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். சுயம்புவாக எழுந்ததைக் கும்பிடுவதுதானே நம் வழக்கம்.

விவரம் தெரிந்தவர்கள் வந்து பார்த்துக் காரணம் சொன்னார்கள். மழையில் ஊறி நிலம் முழுக்கத் தண்ணீர். தொட்டியைக் காலி செய்ததும் அதன் எடை குறைந்தது. சுற்றி நின்ற தண்ணீர் அதைத் தூக்கிவிட்டது. ஆர்க்கிமிடீஸ் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் சொன்ன விஷயம்தான், திருப்பதிக்குத் தகவல் வந்து சேரத் தாமதமாகிவிட்டது. அக்கம்பக்கத்து வீடுகளில் சுவர்கள் விரிசல் கண்டன. "நீங்கள் குடியிருப்பது தரைமேல் இல்லை, தண்ணீர்மேல்" என்று தொட்டி எழுந்து நின்று சாட்சி சொன்னது. அந்தச் சாட்சியை யாரும் பதிவு செய்யவில்லை. தொட்டிக்கு ஆதார் எண் இல்லாதது காரணமாக இருக்கலாம்.

அந்த வாரம் நடந்தவை தெரிந்தவைதான். கபில தீர்த்தத்தில் அருவி கோயிலுக்குள்ளேயே பாய்ந்தது. மலைப்பாதைகளை மூடினார்கள். சொர்ணமுகி ஆறு கரையை அரித்து வீட்டைச் சாய்த்ததை டிவியில் பார்த்தோம். விஜயநகர காலத்து ராயலசெருவு ஏரி உடைந்துவிடும் என்று கீழே இருந்த கிராமங்களைக் காலி செய்தார்கள். உடனே மேலிடத்திலிருந்து வழக்கமான வசனம் வந்தது: வரலாறு காணாத மழை. ஐயா, மழையை வரலாறு பலமுறை கண்டிருக்கிறது. ஏரியும் ஓடையும் எங்கே இருந்தன என்று காட்டும், தாசில்தார் ஆபீஸ் பீரோவில் தூங்கும் கிராம வரைபடத்தைத்தான் யாரும் காணவில்லை.

பெருமாள் விவரமானவர், மலைமேல் குடியிருக்கிறார். ஊருக்குள் பள்ளிகொண்ட கோவிந்தராஜரோ, தம்பியான அந்த மலைமேல் பெருமாள் குபேரனிடம் வாங்கிய கல்யாணக் கடனுக்குக் காசு அளந்து களைத்து, மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார் என்பது கதை. காசை அளந்தவரிடம் ஏரியையும் அளந்து வைக்கச் சொல்லியிருக்கலாம். நமக்குத் தோன்றவில்லை.

நம் முன்னோருக்குத் தோன்றியது. பர்ட்டன் ஸ்டைன் என்ற வரலாற்றாசிரியர் திருமலைக் கல்வெட்டுகளைப் படித்து 1960இல் ஒரு கட்டுரை எழுதினார். விஜயநகர காலத்தில் பக்தர்கள் கொடுத்த பணத்தைக் கோயில் என்ன செய்தது? கோயில் கிராமங்களில் ஏரி வெட்டியது, கால்வாய் இழுத்தது. அதனால் கூடிய விளைச்சலிலிருந்து சுவாமிக்குத் தளிகை, அதிலிருந்து ஜனங்களுக்குப் பிரசாதம். காணிக்கை தண்ணீராகி, தண்ணீர் நெல்லாகி, நெல் மறுபடி பெருமாள் முன்னால் வந்து சேர்ந்தது. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் சூழலியல் என்ற பெயரே இல்லாமல் நடந்த காரியம் இது. இன்று பெயர் இருக்கிறது, பட்டப்படிப்பு இருக்கிறது, மாநாடு இருக்கிறது, ஏரியைத்தான் காணோம்.

ஏரி இருந்த இடத்தில்தான் இப்போது 'பசுமைக் குடியிருப்பு' வருகிறது. எந்த ஊர் விளம்பரத்தை எடுத்தாலும் ஒரே படம்: கண்ணாடி மாடி, அதன் முகத்தில் தொட்டிச் செடி, கீழே நீலத் தண்ணீர், ஓரத்தில் சைக்கிள் ஓட்டும் வெள்ளைக்காரக் குழந்தை. எல்.ஈ.டி. விளக்குக்கு ஒரு புள்ளி, மின்வண்டிக்குச் சார்ஜர் வைத்தால் ஒரு புள்ளி, குழாயில் தண்ணீர் மெதுவாக வந்தால் இன்னொரு புள்ளி. புள்ளி வைத்துக் கோலம் போட்டால் சான்றிதழ் ரெடி. நியாயமாகச் சொன்னால், சான்றிதழ் தருகிறவர்களின் கையேட்டில் மனையைத் தேர்ந்தெடுப்பது பற்றியும் ஓர் அத்தியாயம் உண்டு. அது முன்பக்கங்களிலேயே வரும். விற்கிறவர் அதைப் புரட்டிவிட்டு நேராகச் செடிக்குப் போய்விடுகிறார்.

சட்டம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. தண்ணீர், நிலம், மரம் மூன்றையும் ஒரே கூரையின்கீழ் காப்பாற்ற ஆந்திராவில் 2002இலேயே வால்டா சட்டம் போட்டார்கள். அத்துமீறிக் கட்டியதை அபராதம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தும் திட்டத்தையும் அவ்வப்போது கொண்டுவருகிறார்கள். நீர்நிலைக்கு அது பொருந்தாது என்று விதியில் எழுதியிருக்கிறது. அதனால் முதலில் அது நீர்நிலையே இல்லை என்று ஆக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். நாலு லாரி செம்மண், ஒரு குட்டிக் கோயில், ஒரு மின்கம்பம் போதும். மின் இணைப்பு வந்த இடத்தில் ஏரி இருந்ததாக எந்த அதிகாரிக்கும் ஞாபகம் வராது.

சென்னை வாசகர்கள் சிரிக்க வேண்டாம். பள்ளிக்கரணைச் சதுப்பைத் தின்று ஏப்பம் விட்டுக்கொண்டே அடுத்த ஊர் ஏரிக்கு அழ நமக்கு யோக்கியதை இல்லை.

திருப்பதிக்கே திரும்புவோம். 2022இல் ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், திருப்பதி ரயில் நிலையம் இனி எப்படி இருக்கும் என்று படங்களை வெளியிட்டார். பளபளவென்று கண்ணாடி. பெரிய சண்டை மூண்டது. ஐ.டி. கம்பெனி மாதிரி இருக்கிறதே, கோபுரம் எங்கே, புனிதம் எங்கே என்று கேட்டார்கள். வெயில் எங்கே போகும் என்று கேட்ட குரல் என் காதில் விழவில்லை. மே மாதம் நாற்பது டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் ஊர். சாதாரணக் கண்ணாடி, தன்மேல் விழும் வெயிலின் சூட்டில் நூற்றுக்கு எண்பது பங்கை உள்ளே விட்டுவிடும். பிறகு அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசி போட வேண்டும். ஏசி அதைத் தெருவில் கொட்டும். தெருவில் இட்லிக் கடை போட்டிருப்பவர் வாங்கிக்கொள்வார். உள்ளே இருப்பவரின் குளிர்ச்சிக்கு வெளியே இருப்பவர் வேர்வையால் வரி கட்டுகிறார். கண்ணாடிமேல் ஒரு கோபுரத்தை ஒட்டிவிட்டால் இந்தக் கணக்கு மாறிவிடுமா?

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளிச் சந்திரகிரி இருக்கிறது. அங்கே ராஜமகால், மூன்று மாடி; கல், செங்கல், சுண்ணாம்புக் காரை, ஒரு துண்டு மரம் கிடையாது. கனத்த சுவர், வளைவுகளில் புகுந்து வெளியேறும் காற்று. சித்திரை மத்தியானத்தில் உள்ளே போய் நின்றால், கட்டியவருக்கு வெயில் எந்தப் பக்கம் வரும் என்று தெரிந்திருந்தது உங்கள் உடம்புக்கே புரியும். இந்த ஜில்லாவின் ஏழைகளுக்கும் அது தெரிந்திருந்தது: மண்சுவர், மண்கூரை மித்தெ வீடு, வாசலில் திண்ணை, ஒரு வேப்பமரம். அதையெல்லாம் 'கச்சா வீடு' என்று கணக்கெடுப்பில் அவமானப்படுத்தி, நாலரை அங்குலச் சுவரும் தளமும் போட்டு 'பக்கா' ஆக்கினோம். இப்போது ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் அந்தத் தளம் அடுப்புமாதிரி கொதிக்கிறது. திருமலையில் ஐந்நூறு வருஷத்துக்கு மேல் நின்ற ஆயிரங்கால் மண்டபத்தை 2003இல் இடித்தவர்கள் நாம். ஏற்கெனவே நிற்கிற கட்டடத்தை இடிக்காமல் வைத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய சிக்கனம் என்பதற்கு எந்தப் ப்ரோசரிலும் பக்கம் ஒதுக்கவில்லை. இடிக்காவிட்டால் கமிஷன் ஏது?

சிரிப்பை இங்கே நிறுத்திக்கொள்கிறேன். கட்டடம் என்றால் மணல். மணல் என்றால் சொர்ணமுகி. 2017 ஏப்ரல் 21 அன்று, ஆற்றில் மணல் அள்ளுவதை எதிர்த்து முறையிட முனகலபாளையம் கிராமத்தார் ஏர்ப்பேடு காவல் நிலையத்துக்கு வந்தார்கள். நிலையத்தின் எதிரிலேயே ஒரு லாரி தறிகெட்டு வந்து அவர்கள்மேல் ஏறியது. பதினைந்து பேருக்குக் குறையாமல் செத்தார்கள். விபத்து என்றார்கள். இருக்கட்டும், விபத்தாகவே இருக்கட்டும். ஆற்றைக் காப்பாற்றுங்கள் என்று விவசாயி காவல் நிலைய வாசலில் வந்து நிற்க வேண்டிய நிலை எந்த விபத்தில் வந்தது? அவர்கள் கேட்டது கிணற்றில் தண்ணீர் ஊறுவதற்கு ஆற்றில் கொஞ்சம் மணல். சூழலுக்கு இசைந்த கட்டடக் கலையைப் பற்றி அதைவிடத் தெளிவாக இந்த ஜில்லாவில் யாரும் பேசியதில்லை. அதற்குப் பிறகும் சொர்ணமுகி மணலில் சுவர் எழுப்பி, சுவரில் செடி நட்டு, செடிக்குச் சொட்டுநீர் விட்டு, அதற்குப் 'பசுமை' என்று பெயர் வைக்கிறவனுக்கு என்ன பெயர் வைப்பது? அச்சில் ஏறக்கூடிய பெயர் எனக்குத் தெரியவில்லை.

திருப்பதியிலோ சித்தூரிலோ வீடு வாங்கப் போகிறவருக்கு ஒரு வார்த்தை. மாதிரி ஃபிளாட்டைப் பார்க்கும் முன் சர்வே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தாசில்தார் ஆபீஸில் பழைய அடங்கலையும் கிராம வரைபடத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். இல்லை என்பார்கள், மறுநாளும் போங்கள். அதில் ஏரி, குட்டை, ஓடையைக் குறிக்கும் தெலுங்குச் சொற்களான செருவு, குண்ட, வாகு, வங்க என்று எது எழுதியிருந்தாலும், கொடுத்த அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.