மூன்று வோல்ட்

1962 முதல் ஊர் உலகத்துக்கெல்லாம் மின்சாரம் அனுப்பும் நெய்வேலியில், குவார்ட்டர்ஸ் வீட்டு மூலையில் இருக்கும் டெஸ்க்டாப்புக்கு மட்டும் எழுந்திருக்க மனசே வருவதில்லை. பொத்தானை அமுக்கினால் விசிறி சுற்றும், ‘பீப் பீப்’ என்று முனகும், திரை கறுப்பாகவே நிற்கும்.

டவுன்ஷிப்பில் நிபுணருக்கா பஞ்சம்? அடுத்த வீட்டுக்காரர் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் யூனிட் ஓட்டி ஓய்வு பெற்றவர். “கரண்டு வருதா தம்பி, மொதல்ல அதப் பாரு” என்று தொடங்கினார்.

மூடியைக் கழற்றினால் உள்ளே நெய்வேலியின் நான்காவது நிலக்கரிச் சுரங்கம். தூசியை ஊதி, ரேமைப் பிடுங்கி, அதன் தங்கநிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துச் செருகியதும் திரைக்கு உயிர் வந்தது. பல லட்ச ரூபாய்ப் படிப்புக்கு இல்லாத மதிப்பு அந்த ரப்பருக்கு.

ஆனால் தேதி 1 ஜனவரி 2009 என்றது. மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி, வெறும் 3 வோல்ட், தீர்ந்துவிட்டால் கணினிக்குக் காலம் மறந்துவிடும். “வேற பேட்டரி வாங்கிப் போட்டுரலாம் சார்” என்றேன்.

“இருக்கட்டும்ப்பா, என்ன அவசரம்? அந்தத் தேதிக்கு நான் இன்னும் சர்வீஸ்லதான் இருக்கேன்.”