கேளுங்க, ஓட்டுறோம்!

டிஎன் 57 என்று நம்ம திண்டுக்கல் வண்டியின் போர்டைப் பார்த்தாலே மற்ற ஊர் வண்டிகள் ஒதுங்குகின்றனவே, பயமா, மரியாதையா? (நத்தம் வாசகர்)

இரண்டுமில்லை. எந்தப் பிரியாணிக் கடைக்கு எதிரே இண்டிகேட்டர் போடாமல் திரும்புவீர்களோ என்ற முன்ஜாக்கிரதை!

சிறுமலையிலிருந்து நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்கிறார் மச்சான். சரியா? (திண்டுக்கல் வாசகர்)

பெட்ரோல் மிச்சமாகாது, மச்சான் மிச்சமாவாரா என்று பாருங்கள். இன்றைய இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் இருந்தபடியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். பெட்ரோல் தெளிப்பு நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமலிருக்கச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். 18 கொண்டை ஊசி வளைவு. முழுப் பாரமும் பிரேக் மேல். ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள். கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டிப் பிரேக்கை ஆறவிடட்டும். சூட்டோடு தண்ணீர் ஊற்ற வேண்டாம், டிஸ்க் கோணிக்கொள்ளும்.

சாவியை உள்ளே வைத்துக் காரைப் பூட்டிவிட்டேன். பூட்டு ஊரில் இப்படி ஒரு அவமானமா? (வத்தலக்குண்டு வாசகர்)

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. மறதிக்கும் கேட்டுப் பார்ப்போமா? அதுவரை மாற்றுச் சாவி வீட்டில் இருக்கட்டும், டேஷ்போர்டில் அல்ல.