கைப்பந்துக் கழகத் தோட்டமும் முழங்கால் விதியும்: ஒரு பூர்வாங்க ஆய்வு

கைப்பந்து ஆடுகளத்தின் நீளம் 18 மீட்டர், அகலம் 9 மீட்டர். அதைச் சுற்றி நாற்புறமும் குறைந்தது 3 மீட்டருக்கு ஒரு தடையும் இருக்கக் கூடாது என்பது சர்வதேச விதி. நெல்லைப் பக்கத்து வாலிபால் கிளப்புகளில் தோட்டம் வளர்வது அந்த 3 மீட்டருக்குள்தான்.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதே நம் ஆய்வுப் பொருள். புறம்போக்கு நிலத்தைப் போலவே இங்கும் முதலில் வருவது செங்கல். சாய்த்து நட்ட அந்த வரிசை வருடத்துக்கு ஒரு சாண் களத்தை நோக்கி நகரும். நகர்த்தியது யார் என்று கேட்டால், மழை என்பார்கள்.

இனி, ஆள். தோட்டத் தொண்டர் எல்லாரும் ஒரு காலத்து ஆட்டக்காரர்கள். ஸ்மாஷ் அடித்தவரைப் பின்வரிசைக்குத் தள்ளும் நாள் வரும். பிறகு ஸ்கோர் சொல்லும் நாற்காலி. அதிலும் ஒரு பொடியன் வந்து உட்கார்ந்ததும் அண்ணாச்சி கைக்கு ஹோஸ் பைப் போய்விடும். இதிலிருந்து பெறப்படுவது முழங்கால் விதி: தோட்டத்தின் பரப்பு, உறுப்பினர் முட்டிகளின் தேய்மானத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

முட்டி மடங்காதவர் களை பறிப்பது எப்படி என்று சிலர் மறுக்கக்கூடும். அவர் பறிப்பதில்லை, நின்றபடி கைகாட்டுவார். பறிப்பவன் அந்தப் பொடியன்.

"ஏலே, அது களையில்ல! போன வாரம் நான் வச்ச துளசி!"

இந்தத் தகவல் எப்போதும் பறித்த பிறகே கிடைக்கிறது.

நீர்ப்பாசனம் தனி அத்தியாயத்துக்கு உரியது. ஞாயிறன்று வருகிற ஒவ்வொருவரும், முன்னால் வந்தவர் ஊற்றியதை அறியாமல் ஊற்றுவார். திங்கள் முதல் சனி வரை, வேறு யாராவது ஊற்றியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நம்புவார். வேர் முதலில் காற்றின்றி அழுகும். மிச்சம் இருந்தால் பிறகு காயும். பன்னீர் ரோஜா இப்படித்தான் போயிற்று. அதை அன்பளிப்பாகத் தந்தவரின் பெயர்ப்பலகை நன்றாகவே இருக்கிறது.

இந்தப் பராமரிப்பில் பிழைத்தது காகிதப்பூ மட்டுமே. பிரேசிலில் பிறந்து, 1766இல் உலகைச் சுற்றக் கிளம்பிய பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில்லின் பெயரைப் பெற்ற செடி. தண்ணீர் கூடினால் வெறும் இலையாகத் தள்ளும். மண் காய்ந்தால் பூத்துத் தள்ளும். அதிலும் நாம் பூ என்று மெச்சுவது நிறம் ஏறிய இலையைத்தான்; நடுவே வெள்ளையாய்ச் சிறுத்திருப்பதே பூ. மறதியையே எருவாக்கிக் கொள்ளும் இச்செடி, தொண்டர்களுக்கென்றே அமைந்தது. இயற்கைத் தேர்வைப் பற்றி 1859இல் நூல் வெளியிட்ட டார்வின், அதற்காகக் கலாபகஸ் தீவுகள்வரை அலைந்திருக்க வேண்டாம்.

ஒரே குறை, முள். பந்து அதில் போய் விழுந்தால் திரும்புவது தோல் மட்டுமே. ஆட்டக்காரர்கள் செடியை வெட்டச் சொல்வார்கள், செயற்குழு கூடும், செயற்குழுவில் முட்டி தேய்ந்தோரே பெரும்பான்மை. செடி நிற்கும்.

ஆகவே, கழகத்துக்குச் செடி தர எண்ணும் அன்பர்கள் ரோஜாவைத் தவிர்த்துக் காகிதப்பூக் கன்றே தரவும். கூடவே ஒரு பந்தும்.