பூனைக்கு யாரு நாள் பார்த்தது?

என்ன மருமவனே, வீடு மாறப் போறியாமே! ஜெலுத்தோங் தரை வீட்டை விட்டுட்டு அடுக்குமாடிக்கு ஏறப் போறேன்னு உங்க அத்தை சொன்னா. குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் ஐயர்கிட்ட பால் காய்ச்ச நாள் குறிச்சாச்சு, லாரிக்குச் சொல்லியாச்சு, சோபா கதவுக்குள்ள நுழையுமான்னு அளவும் எடுத்தாச்சு. நாயையும் பூனையையும் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேக்கல. போகட்டும், அதுங்களுக்காக நான் பேசுறேன்.

நாங்க தோட்டத்து லயத்துல நாய் வளர்க்க மண்டோர்கிட்டகூட கேட்டதில்ல. நீ போற எடம் அப்படியில்ல. 2015-ல வந்த அடுக்குமாடி நிர்வாக விதிகள்ல 14-ஆவது துணைவிதியைப் படிச்சியா? அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு, ஆபத்துன்னு ஆகுற பிராணியை வச்சிருக்கக் கூடாது. நிர்வாகம் எழுத்துல நோட்டீசு குடுத்தா 3 நாளுக்குள்ள வெளியேத்தணும். சம்பந்தி வீட்டாருகூட வந்தா நாலு நாள் தங்குவாங்க, உன் நாய்க்கு அந்தக் கௌரவம்கூட கிடையாது. மாநகர் மன்றத்து லைசென்ஸ் வேற வேணும். ஊசி போட்ட அட்டையும் பத்திரம். 2015-ல பினாங்குக்கு வெறிநோய் வந்து, தெருநாயைக் கொல்றதா வேணாமான்னு ஊரே ரெண்டுபட்டு நின்னது மறந்துபோச்சா?

எதிர்வீடு மலாய்க்காரங்களா இருந்தா பூனைக்கு யோகம். உன்னைவிட நல்லாவே மீன் போடுவாங்க. நாய் எச்சில் பட்டா அவங்களுக்குக் கழுவிச் சுத்தம் பண்ற முறை இருக்கு. அதனால லிப்டுல அவங்க நின்னா, கயித்தைக் குறுக்கப் பிடிச்சுக்கிட்டு நீ அடுத்த லிப்டுக்கு நில்லு. உனக்கென்ன, கப்பலா கிளம்புது?

பூனைதான் பெரிய சங்கதி. நாய் ஆளைப் பார்க்கும், பூனை எடத்தைப் பார்க்கும். 2000-ல பழைய வாடகைக் கட்டுப்பாடு போனதும் ஜார்ஜ்டவுன் கடைவீட்டுச் சனம் எத்தனையோ பேர் சட்டி பெட்டியோட கிளம்பினாங்க. எந்தப் பூனைக்கும் லாரியில எடம் குடுத்ததா எனக்கு ஞாபகமில்ல. அப்புறம் 2013-ல, தெருப்பூனைக்கு இரக்கம் காட்டுங்கன்னு ஆர்மேனியன் ஸ்திரீட் பக்கம் சுவத்துல பூனையா வரைஞ்சாங்க. அந்தத் திட்டத்துக்குப் பேரே தொலைஞ்சுபோன 101 பூனைக்குட்டிங்க. டூரிஸ்டு நின்னு நின்னு போட்டோ புடிக்கிறான். சுவத்துப் பூனை சோறு கேக்காது, மூலையில ஒண்ணுக்குப் போகாது, யாருக்குத்தான் புடிக்காது?

உன் பூனை அலமாரிக் காலுல கன்னத்தைத் தேய்க்குதே, அது கொஞ்சல் இல்ல மருமவனே, பட்டா எழுதுறது. தன் வாசனையைத் தடவி வைக்குது. ஒரு பழைய துண்டால அதோட கன்னத்தைத் தடவி, புது வீட்டுல அதோட உயரத்துக்குக் கதவு நிலையிலயும் சோபா மூலையிலயும் தேய்ச்சு வை. மொத நாள் ஒரே ஒரு ரூம்ல அடை. மண்தட்டு, தண்ணி, அது படுத்த பழைய போர்வை. புது வீட்டுக்கு அழுக்குத் துணியான்னு உன் பொண்டாட்டி அதைத் துவைக்கப் போவா, தடுத்துரு. ரெண்டு மூணு வாரத்துக்குள்ள வாசப்படி தாண்ட விட்டா, அது நேரா ஜெலுத்தோங்குக்கு நடக்கப் பார்க்கும்.

ஜன்னல் கிரில்லுக்கு வலை கட்டு. ரைபில் ரேஞ்ச் பிளாட்டெல்லாம் எவ்வளவு உயரம்னு பார்த்திருக்க இல்ல? பூனை எங்க விழுந்தாலும் நாலு காலுல நிக்கும்னு சொன்னவன் தரை வீட்டுல குடியிருந்தவன்.

இப்பவே நிர்வாக ஆபீசுக்குப் போய், நாய் வச்சுக்கலாமான்னு எழுத்துல கேட்டு வாங்கு. கையில அந்தத் தாள் வராம டெபாசிட் குடுக்காத. வேணாம்னு சொன்னா நாயை மாமா வீட்டுல விட்டுடலாம்னு மனசுக்குள்ள கணக்குப் போடுறே இல்ல? உங்க அத்தைகிட்ட கேட்டுப் பார்த்துட்டேன். வீட்டுல ஏற்கெனவே ஒண்ணைக் கட்டி மேய்ச்சுக்கிட்டு இருக்கேன், அது போதும்னுட்டா.