மூவர் வந்தால்தான் கதவு திறக்கும்

அக்கா மகன் சிதம்பரத்தில் படிக்கிறான். போன சனிக்கிழமை கடலூர் வந்தவன், நான் ரசம் ஊற்றும் நேரம் பார்த்துக் கேட்டான்: "மாமா, பழைய ஜப்பான் ரோல் பிளேயிங் கேம் ஆடலாம்னு இருக்கேன். எத மொதல்ல ஆரம்பிக்கிறது?"

எங்கள் காலத்தில் திருப்பாப்புலியூர் கடைகளில் கிடைத்தது டிவி கேம் பெட்டியும் மஞ்சள் கேட்ரிஜும்தான். அட்டையில் ஆயிரக்கணக்கில் ஆட்டம் என்று போட்டிருக்கும். செருகினால் மரியோவும் காண்ட்ராவும் மாறி மாறி வருவார்கள். ஊர் ஊராக அலைந்து, எதிர்ப்படுகிறவனிடமெல்லாம் பேச்சுக் கொடுத்து, பூட்டிய கதவுக்கு வழி தேடும் ஆட்டமெல்லாம் பின்னால் கம்ப்யூட்டரில் ஆடியதுதான். ஆடும்போதே ஒரு சந்தேகம், இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று. கேட்டது நம் மாவட்டத்தில்தான். திருமுறை கண்ட கதை.

ராஜராஜ சோழன் காதில் தேவாரப் பாட்டு ஒன்றிரண்டு விழுகிறது. மீதி எங்கே என்றால் யாருக்கும் தெரியவில்லை. (அந்தச் சோழன் இவன்தானா என்று ஆராய்ச்சிக்காரர்களுக்குள் தகராறு உண்டு. அவர்கள் அடித்துக்கொள்ளட்டும்.) ஜப்பான் ஆட்டத்தில் இந்த இடத்தில் கிணற்றடிக் கிழவன் ஒருவன் துப்புக் கொடுப்பான். நமக்கு வாய்த்தது காட்டுமன்னார்கோயில் பக்கம் திருநாரையூர்ப் பையன், நம்பியாண்டார் நம்பி. அவன் படைத்தால் பொல்லாப் பிள்ளையார் நிஜமாகவே சாப்பிடுவார் என்று பேச்சு. ராஜா விடுவானா? வாழைப்பழம், அவல், அப்பம், எள்ளுருண்டை என்று மலை மலையாகக் கொண்டுவந்து இறக்கினான். பிள்ளையார் ஓர் உருண்டை மிச்சம் வைக்கவில்லை. வயிறு நிறைந்த பிறகே துப்பு வந்தது: ஏடெல்லாம் தில்லைக் கோயிலில், மேற்குப் பக்கத்து அறையில் கிடக்கிறது.

அங்கே போனால் வாசலில் தீட்சிதர்கள். "பாடிய மூவரும் வந்தால்தான் திறப்போம்." அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் சிவனடி சேர்ந்து சில நூற்றாண்டு ஆகியிருந்தது. ஈழம்வரை படை நடத்தியவனுக்குக் கதவை உடைக்க யானையா இல்லை? ஆனால் இது வாளால் தீர்கிற கட்டம் இல்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. மூவருக்கும் சிலை எடுத்து, மேளதாளத்தோடு ஊர்வலம் விட்டு, கதவெதிரே கொண்டுவந்து இறக்கினான். "வந்துவிட்டார்கள், திறங்கள்." இது சிலைதானே என்று வாயைத் திறந்தால், அப்படியானால் உள்ளே ஆடிக்கொண்டிருப்பவர் யார் என்று அடுத்த கேள்வி வரும். கதவு திறந்தது.

உள்ளே கறையான் புற்று. எண்ணெய் ஊற்றிப் பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியது சுமார் 800 பதிகம். இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்தோம் என்று அசரீரி ஆறுதல் சொன்னதாம். சேவ் ஃபைல் அழிந்தவனுக்கு எந்தக் கம்பெனியும் இவ்வளவு கம்பீரமாகப் பதில் சொன்னதில்லை. 1986இல் ஜப்பானில் வந்த முதல் டிராகன் குவெஸ்டில் சேவ் வசதியே கிடையாது. விட்ட இடத்திலிருந்து தொடர 20 எழுத்து மந்திரம் ஒன்றை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் உழைத்ததெல்லாம் போச்சு. அந்தப் பிள்ளைகளுக்கு ஏடு பெயர்த்தவன் பாடு புரிந்திருக்கும்.

பாட்டு கிடைத்தாலும் பண் கிடைக்கவில்லை. அதற்குத் தனியாக விருத்தாசலம் பக்கம் எருக்கத்தம்புலியூர் போய், யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணைத் தேட வேண்டியிருந்தது. ஆட்டக்காரர்கள் இதைத்தான் சைடு குவெஸ்ட் என்கிறார்கள்.

"அதெல்லாம் சரி மாமா, நம்பர்படி ஆடறதா, கதைப்படி ஆடறதா?"

நம்பரை நம்பாதே என்றேன். ஃபைனல் ஃபேன்டஸி 4, அமெரிக்காவுக்கு 1991இல் 2 என்று போனது. 6, 1994இல் 3 என்று போனது. 1997இல் திடீரென்று 7 வந்து நின்றது. கிடைத்த பதிகங்களைத் திருமுறை என்று வகுத்து நம்பர் போட்ட நம்பி செய்ததும் லேசான வேலை இல்லை. எங்கள் ஊர் அப்பர் என்ன பாடு பட்டார்! சுண்ணாம்புக் காளவாயில் 7 நாள், பிறகு நஞ்சு, பிறகு யானை, கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில். கல்லே தெப்பமாகி ஒதுங்கிய இடத்துக்குக் கரையேறவிட்ட குப்பம் என்றே பேர். அவருக்கு 4, 5, 6ஆம் திருமுறை. சீர்காழிக் குளக்கரையில் பால் குடித்த பிள்ளை சம்பந்தருக்கு 1, 2, 3. இவர்கள் வாழ்க்கையைச் சொல்லும் பெரிய புராணமோ பின்னால் சேர்ந்து 12. கடலூர்க்காரன் வயிறு எரியாதா?

கடைசியில் குரோனோ டிரிகர் ஆடு என்றேன். 1995இல் வந்தது. டிராகன் குவெஸ்டின் ஹோரி, ஃபைனல் ஃபேன்டஸியின் சகாகுச்சி, ஓவியர் தோரியாமா மூவரும் சேர்ந்த ஆட்டம். சண்டைக்குப் போவதும் மூன்று மூன்று பேராகத்தான். தலையாட்டிவிட்டு பஸ் ஏறினான்.

ஞாயிறு ராத்திரி போன் வந்தது. நான் சொன்னதை விட்டுவிட்டு, பழசிலிருந்தே வரட்டும் என்று முதல் டிராகன் குவெஸ்டைப் போட்டிருக்கிறான். "மாமா, ஒரு பாலத்தத் தாண்டினேன். எதிர்ல வந்தது ஒரே போடு, செத்துட்டேன்."

காளவாய்க்கு அப்புறம்தான் யானை என்று சாப்பிடும்போதே சொன்னேன்.